தட்டாமல் விட்ட சுவர்

மேட்டுத் தெருவுக்கு மேலே புதிதாக எழுந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுக் குளியலறைச் சுவர் டைல்ஸோடு பெயர்ந்து விழுந்துவிட்டதாம். உள்ளே கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்களாம். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. காலைப் பலகாரக் கடை ஆ-கிம்முக்குச் சொன்னவன் பார்சல் வண்டிக்காரன். அவனுக்குச் சொன்னவள் அந்தக் கட்டடத்தில் கார் நிறுத்துமிடம் பெருக்குகிறவள். அவளுக்கு யார் சொன்னார்களோ.

கோ தியென்ஃபுவுக்கு இதுவும் முதல் தடவையில் காதில் விழவில்லை. அவர் வழக்கம்போல் சுவரோரம், இடது காது அடுப்புப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார். முட்டைச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தபோது 'சுவர்' என்பதும் 'பிள்ளை' என்பதும் மட்டும் கேட்டன. அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன சொன்னே? எந்தச் சுவர்?"

"அழகா, காதுல பஞ்சு வெச்சிருக்கியா? ரெண்டு தடவ சொல்லிட்டேன்" என்றாள் ஆ-கிம். கடைக்கு வருகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் அவளுக்கு 'அழகா'தான். ஐம்பத்தெட்டு வயதில் முன்பல் இரண்டு இல்லாத தியென்ஃபுவும் அதில் சேர்த்தி. "குளிர் அலை வந்துச்சில்ல, அதுல டைல்ஸ் வெடிச்சிருக்கு. பாத்ரூம்ல. தாயும் பிள்ளையும் உள்ள."

"எந்தக் கட்டடம்?"

"கடலப் பாத்தாப்ல மூணு சேந்து நிக்குமே, அதுல கடைசி. நீ போய் சோதனை போட்ட எடந்தானே? அன்னிக்கு ஒரு பாட்டம் பெருமையடிச்சுக்கிட்டியே."

கையிலிருந்த சோயாப் பால் கோப்பையை அவர் மேசையில் வைத்தார். மூன்றாவது கட்டடத்தில் அவர் சோதித்தது ஒரே ஒரு வீடு. பதினோராவது மாடி. அந்த வீட்டில் போன மாதம் ஒரு குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தது. அதற்காக வந்த எண்ணெய்ச் சோற்றையும் சிவப்பு முட்டையையும் அவர் தின்றிருக்கிறார்.

கடைக்கு வெளியே வந்து, மழை ஒழுகும் தகரத்தின் கீழ் நின்றபடி அந்த வீட்டுக்காரி யென் பெய்லிங்கின் எண்ணை அழுத்தினார். வலது காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் பதிவு செய்த குரல் வந்தது. திரும்ப அழுத்தினார். திரும்ப அதே குரல்.

அந்தக் கட்டடத்தில் நூற்றிருபது வீடு. நூற்றிருபதில் ஒன்று. ஸ்கூட்டரைக் கிளப்புகிறவரை அந்தக் கணக்கையே உருப்போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நூற்றிருபதில் எத்தனை வீட்டில் கைக்குழந்தை இருக்கும் என்கிற அடுத்த கணக்கும் கூடவே வந்தது.

*

தியென்ஃபு வீடு சோதிக்கிறவர். தைவானின் கீலுங்கில் புது வீடு வாங்குகிற யாரும், பில்டரிடம் சாவி வாங்கும் நாளில், கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதில்லை. ஆண்டில் பாதி நாள் மழை பெய்கிற ஊர். இங்கே வீடு என்றால் முதல் கேள்வி 'ஒழுகுமா', இரண்டாவது கேள்வியும் அதுதான். பதினாறு வயதில் டைல்ஸ் பதிக்கப் போய், ஐம்பதில் முட்டி இரண்டும் தேய்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்தார். படித்தார், பரீட்சை எழுதினார், சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினார். அவரை விடப் படித்தவர்கள் இந்தத் தொழிலில் ஆயிரம் பேர். ஆனால் டைல்ஸுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். காரணம், டைல்ஸில் செய்யக்கூடிய திருட்டு அத்தனையும் அவருக்குத் தெரியும். கலவையை முழுக்கப் பரப்பாமல் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து பொட்டு வைத்து ஒட்டிவிட்டுப் போகிற வேலை ஒன்று உண்டு. பார்வைக்குப் பளிங்கு, உள்ளே காற்று. அவசர வேலைகளில் அவரே அப்படி ஒட்டியிருக்கிறார். திருடன் கையில் சாவி கொடுத்தால்தான் பூட்டு பத்திரம் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

புது ஆள் போன் செய்தால் அவர் ஒப்பிக்கிற பாடம் ஒன்று இருந்தது. ஐந்தாறு வருடத்தில் ஒரு சொல் மாறவில்லை. மூணு மணி நேரம் ஆகும், நிக்கிற மாதிரி செருப்பு போட்டுட்டு வாங்க. சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வராதீங்க, அவங்க திரைச்சீல நிறம் பேச ஆரம்பிச்சுருவாங்க. ஒவ்வொரு குழாயையும் திறப்போம், ஒவ்வொரு வடிகாலையும் அடைச்சு தண்ணி நிரப்புவோம். ஒவ்வொரு பிளக்கையும் பாப்போம். இரும்புக் குண்ட தரையில விட்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாப்போம். பாத்ரூம் பொய்க்கூரைக்கு மேல தலைய விட்டு பாப்போம். ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுவோம். கோளாறு இருக்கிற எடத்துல கலர் நாடா ஒட்டுவோம். முடியறப்போ வீடு திருவிழா மாதிரி இருக்கும், அழாதீங்க. அறுபது நாடா ஒட்டுற வீடுதான் சாதாரண வீடு. வாங்கு, வாங்காதேன்னு நான் சொல்லமாட்டேன். இருக்கிறதச் சொல்லுவேன். பாக்காததப் பாத்தேன்னு சொல்லமாட்டேன்.

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரலே கொஞ்சம் நிமிரும்.

தட்டுவதற்கு அவரிடம் ஒரு கோல் இருந்தது. பேனா அளவுக்கு மடங்கும், இழுத்தால் கைநீளம் வரும், முனையில் கோலிக்குண்டு அளவு எஃகு உருண்டை. உருண்டையால் டைல்ஸை மெல்ல வருடிக்கொண்டே தட்டினால், கலவை நிறைந்த இடத்தில் 'டிக் டிக்' என்று கெட்டியாகக் கேட்கும். காற்று நிற்கிற இடத்தில் 'டொக்' என்று காலிப் பானை மாதிரி. இதுதான் வித்தை. இதற்கு வேண்டியது ஒரு கோலும் இரண்டு காதும்.

அவருக்குக் கோல் இருந்தது. முப்பத்துநாலு வருடம் டைல்ஸ் அறுக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்ததில் இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மெல்லிய சத்தங்களைக் கைவிட்டு வந்தது. முதலில் கொசுவும் கைக்கடிகாரமும் போயின, அடுத்தது மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடுவது. மனைவி கண்டுபிடித்துவிட்டாள், டி.வி. சத்தத்துக்குத் தினம் ஒரு சண்டை. 'டிக்'குக்கும் 'டொக்'குக்கும் இடையே இருந்த வேலி சாய்ந்து இரண்டு வருடம் ஆகிறது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றோடு வேலை முடிந்தது. முட்டி போன கொத்தனாரைச் சோதனைக்காரனாக வைத்துக்கொள்வார்கள். காது போன சோதனைக்காரனை எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

தப்பிக்க ஒரு வழி கிடைத்திருந்தது. அவருடன் வேலை செய்கிறவள் ஆ-லுவான். நாற்பத்திரண்டு வயது, விவாகரத்தானவள், மின்சாரமும் குழாயும் பார்ப்பவள், கைக்கணினியில் அறிக்கை எழுதுபவள். அவர் தட்டுவார், அவள் பின்னால் நாடாச் சுருளுடன் நிற்பாள். 'டொக்' கேட்ட இடத்தில் அவர் சொல்லுவதற்கு முன்பே அவள் கை நாடாவைக் கிழித்துவிடும். கிழிகிற நாடாவைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு அவர் "இங்க ஒண்ணு" என்பார். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

*

போன ஜூலைக் கடைசியில் யென் பெய்லிங் கூப்பிட்டாள். இன்னும் நாலு நாளில் பேய் மாதம் பிறக்கிறது. பேய் மாதத்தில் யாரும் சாவி வாங்கமாட்டார்கள், குடிபோகமாட்டார்கள், ஒரு கட்டிலைக்கூட நகர்த்தமாட்டார்கள். அந்த மாதம் கழியும்வரை காத்திருந்தால் அவள் வயிறு இன்னும் பெரிதாகிவிடும். பஞ்சாங்கத்தில் குடிபோக நல்ல நாள் இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணி நேரம் மட்டும் பில்டர் ஆபீஸ் ஒதுக்கியிருந்தது.

வந்தவளைப் பார்த்ததும் ஐந்து மாதம் என்று தெரிந்தது. முப்பத்தெட்டு வயது. மருந்துக் கம்பெனி ஒன்றில் ரசாயனப் பரிசோதனை செய்கிறவள். புருஷன் கப்பலில், சிங்கப்பூருக்கும் ரோட்டர்டாமுக்கும் நடுவில் எங்கோ. கையில் ஒரு புதுத் துடைப்பம் வைத்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி குடிமாறினால் வயிற்றுப் பிள்ளையைக் காக்கிற கருத்தேவதை கோபிக்கும், புதுத் துடைப்பத்தால் சுவரையும் மூலையையும் லேசாகப் பெருக்கிவிட்டால் தோஷமில்லை. அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம். ஆ-லுவான் மீட்டரோடு படுக்கையறைகளுக்குப் போனாள். தியென்ஃபு குளியலறைக்குள் நுழைந்து கோலை இழுத்தார். பெரிய டைல்ஸ், பளபளப்பான சாம்பல் நிறம், தரையிலிருந்து கூரை வரை. முதல் வரிசையைத் தட்டினார். எல்லாம் ஒரே சத்தம். அதாவது எல்லாம் ஒன்றுமில்லாத சத்தம். ஆ-லுவானைக் கூப்பிட என்ன சாக்கு சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெய்லிங் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மாஸ்டர், ஒரு நிமிஷம். அதத் தட்டித்தான் ஆகணுமா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து காட்டினாள். கருத்தேவதை தினம் ஓர் இடத்தில் குடியிருக்கும், ஒரு நாள் அடுப்பில், ஒரு நாள் கதவில், ஒரு நாள் கட்டிலில். அது இருக்கிற இடத்தில் ஆணி அடிக்கக்கூடாது, தட்டக்கூடாது, துளை போடக்கூடாது. அன்றைக்கு அது இருந்த இடம் கழிவறை.

"நான் லேப்ல வேல பாக்கிறவ. இதெல்லாம் நம்புறவ இல்ல" என்றாள். அப்புறம் துடைப்பத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே, "ஏற்கனவே ரெண்டு போயிடுச்சு. ஒண்ணு மூணாம் மாசம், ஒண்ணு அஞ்சாம் மாசம். அஞ்சாம் மாசம் போனப்போ வாடகை வீட்டுல பால்கனி கம்பிக்கு ஆள் வந்து சுவத்துல துளை போட்டாங்க. அதனாலதான்னு நான் சொல்லல. ஆனா... இதுவும் அஞ்சாம் மாசம், மாஸ்டர்."

"நீங்க கீழ போய் நில்லுங்க. பத்தே நிமிஷம்."

"வீடு என் பேர்ல இருக்கு. நான் எங்க போய் நின்னா என்ன, தேவதை இங்கதானே இருக்கு?"

அப்படியென்றால் குளியலறையைச் சோதிக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன், பேய் மாதம் கழித்து வந்து தட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். பாடத்தின் கடைசி வரி அதுதான். இல்லாவிட்டால் ஆ-லுவானைக் கூப்பிட்டு, விரல் கணுவால் மெல்லத் தொட்டுப் பார், நீ கேட்டுச் சொல் என்றிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அப்படிக் கேட்டபோது அவருக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. தட்ட வேண்டாம் என்று ஒருத்தி கெஞ்சுகிறாள். காதும் காதும் வைத்தாற்போல் அவர் குறை மூடிப்போகிறது. சாமியே வழிவிட்டது மாதிரி.

பையிலிருந்து வெப்பக் கேமராவை எடுத்தார். சுவரில் ஈரம் இருந்தால் நீலமாகக் காட்டும், அவ்வளவுதான். வெயிலே படாத அந்த உள்சுவரில் டைல்ஸுக்குப் பின்னால் கலவை இருக்கிறதா இல்லையா என்று அதனால் சொல்ல முடியாது. அது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சுவரை மேலும் கீழும் படம் பிடித்தார்.

"இதுலயே தெரிஞ்சிரும். நல்லா இருக்கு. கவலப்படாதீங்க."

அவள் கண் கலங்கி, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். அதை அவர் வாங்கிக்கொண்டார்.

ஆ-லுவான் கைக்கணினியோடு வந்து, "பாத்ரூம் சுவர், காலி டைல்ஸ் எத்தன?" என்று கேட்டாள்.

"பூஜ்யம்."

அவள் நிமிர்ந்து ஒரு விநாடி பார்த்தாள். கூடத்திலும் படுக்கையறையிலும் நாற்பத்தேழு நாடா ஒட்டியாகியிருந்தது. குளியலறையில் பூஜ்யம் என்று அவர் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. அவள் எழுதிக்கொண்டாள். மறுநாள் பெய்லிங் அதிர்ஷ்டம் வர அன்னாசிப் பழத்தை வாசலில் உருட்டிவிட்டுக் குடிபுகுந்தாள்.

அந்தப் பூஜ்யம் அவரை விடவில்லை. பேய் மாதம் கழிந்தது. அரையாண்டுச் சோதனை இலவசம் என்று ஒரு பொய் சொல்லிக்கொண்டு போய், பிள்ளை பிறந்த பிறகு தட்டிப் பார்த்துவிடலாம் என்று இருந்தார். டிசம்பரில் போன் செய்தார். அவள் பிரசவ ஓய்வு இல்லத்திலிருந்து பேசினாள், பெண் குழந்தை, ஒரு மாதம் அங்கேதான். சரி, வீட்டில் ஆளில்லை, சுவர் சும்மா கிடக்கிறது என்று நிம்மதியாகிவிட்டார். ஜனவரியில் எண்ணெய்ச் சோற்றுப் பெட்டி வந்தது. மேலே ஒரு சீட்டு: 'அன்று நீங்கள் தட்டாமல் விட்டதற்கு நன்றி. குழந்தை நலம்.' அவர் சோற்றைத் தின்றார். காளானையும் உலர்ந்த இறாலையும்கூட மிச்சம் வைக்கவில்லை. அப்போதும் அவளைக் கூப்பிடவில்லை. சீனப் புத்தாண்டுக்குப் பிறகு, வேலை கொஞ்சம் குறைந்ததும், முட்டி வலி போனதும் என்று நாள் நகர்ந்தது. நேற்று முன்தினம் குளிர் அலை இறங்கியது. கலவை ஒரு வேகத்தில் சுருங்கும், டைல்ஸ் ஒரு வேகத்தில் சுருங்கும், பிடிப்பில்லாத டைல்ஸ் பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு வரும். இரண்டு நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம்.

*

மேட்டில் ஏறுகிற வழியில் பேருந்து நிறுத்தக் கொட்டகையில் ஸ்கூட்டரை ஒதுக்கி ஆ-லுவானைக் கூப்பிட்டார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளக்காமல், அந்த மூணு கட்டடத்துக்கு வா என்றார். கால்மணியில் அவளும் வந்துவிட்டாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, மூன்றாம் கட்டடத்தின் முன்கூடத்தில் இருவரும் நின்றார்கள். ஆ-கிம் கடையில் கேட்டதை மட்டும் அவளிடம் சொன்னார்.

காவலர் மேசைக்குப் பின்னால் கழுத்துவரை கம்பளி சுற்றிய ஒரு கிழவர். பதினோராவது மாடி, யென் வீடு என்றார் தியென்ஃபு. காவலர் வீட்டு மணியை அழுத்திப் பார்த்தார். பதில் இல்லை.

"வெளிய போயிருப்பாங்க."

"காலையில இங்க என்னமோ நடந்துச்சாமே" என்றாள் ஆ-லுவான்.

"எனக்குத் தெரியாது. என் ஷிஃப்ட் ஏழு மணிக்கு."

"ஆம்புலன்ஸ் வந்துச்சா, மாமா?"

காவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வந்தது என்பது போல் தலையை லேசாக அசைத்தார். எந்த மாடி என்று கேட்டதற்கு அது குடியிருப்போர் தனி விவரம், வெளியே சொல்லக்கூடாது என்றார். குடியிருப்போர் கமிட்டித் தலைவர் காலையிலேயே இறங்கி வந்து, அந்த விஷயத்தை யாரிடமும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். விஷயம் வெளியே போனால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று பயம்.

"எந்த விஷயத்த?" என்று கேட்டார் தியென்ஃபு.

"அதத்தான் சொல்லக்கூடாதுன்னாங்க" என்று காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆக, வதந்தி வதந்தி இல்லை. ஒரு வீட்டில் ஏதோ விழுந்திருக்கிறது. எந்த வீடு என்பதுதான் பாக்கி. ஆ-லுவான் அவர் முழங்கையைப் பிடித்துத் தூண் பக்கம் கூட்டிப்போனாள்.

"அண்ணே, என்ன இது? நாம பாத்த வீட்டுல பாத்ரூம் பூஜ்யம். நீங்கதானே சொன்னீங்க. வேற வீடா இருக்கும்."

"நான் தட்டல."

"என்னது?"

"அந்தச் சுவத்த நான் தட்டவே இல்ல, லுவான். கருத்தேவதை அங்க இருக்கு, தட்டாதீங்கன்னா அவ. நான் விட்டுட்டேன். கேமராவக் காட்டி ஏமாத்திட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தட்டியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

சொல்லிவிட்டார். இரண்டு வருடம் பூட்டி வைத்தது. அவள் திகைப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வேல செய்யறப்போ நான் ஏன் எப்பவும் உங்க வலது பக்கமே நிக்கறேன்னு நெனச்சீங்க? நாடாவ ஏன் அவ்வளவு சத்தமா கிழிக்கறேன்னு நெனச்சீங்க?"

அவர் அவளைப் பார்த்தார்.

"மூணு வருஷமாத் தெரியும்" என்றாள். "உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நீங்க தட்டுவீங்க, நான் கேப்பேன், வீடு தப்பாப் போகாதுன்னு இருந்தேன். ரெண்டு பேருக்கும் சோறு ஓடுது. அன்னிக்குப் பூஜ்யம்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே நான் உள்ள போய் ஒரு தட்டு தட்டியிருக்கணும். கேட்டா நீங்க அவமானப்படுவீங்கன்னு எழுதிட்டேன். நீங்க ஒரு கழுத, நான் ஒரு கழுத."

அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்க் கோலை எடுத்தது. முன்கூடத்துச் சுவரிலும் அதே டைல்ஸ்தான் பதித்திருந்தார்கள், சாம்பல் நிறம், பளபளப்பு. அதே ஆட்கள், அதே கலவை. கோலை இழுத்து, பழக்கத்தில் மெல்ல வருடித் தட்டினார். அவருக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. விரல் நுனியில் ஏதாவது அதிர்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

ஆ-லுவான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் அண்ணே."

"எப்படி இருக்கு?"

அவள் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள்.

"சொல்லு. எத்தன?"

"தட்டுனதுல பாதிக்கு மேல" என்றாள்.

காவலர் மேசையிலிருந்து, சுவரைத் தட்டாதீர்கள் என்று அதட்டினார். தியென்ஃபு கோலை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. அவளே வாங்கி மடக்கி அவர் பையில் போட்டாள்.

நூற்றிருபதில் ஒன்று என்கிற கணக்கு அத்தோடு தீர்ந்தது. எந்த வீடு விழுந்திருந்தாலும் பெய்லிங் வீடும் விழக்கூடிய வீடுதான். இன்னும் விழாமல் இருந்தால் இன்றைக்கு விழலாம், சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது விழலாம். அவளிடம் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தால் சொல்ல வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்து, நான் சுவரைப் பார்க்கவே இல்லை என்று. இதைச் சொல்வதற்காக ஆறு மாதம் சாக்குத் தேடியவர், இப்போது ஒரு சாக்கும் இல்லாமல் சொல்லிவிடத் தவித்தார்.

போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்குள் இரண்டு தடவை விரல் தவறியது. வலது காதில் வைத்தார். முன்கூடத்தில் மழைச் சத்தம், லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம், காவலரின் சின்ன டி.வி. சத்தம். எல்லாம் ஒன்றாகக் கலந்து காதுக்குள் இரைந்தன. மணி அடிக்கிறதா, யாராவது எடுத்து 'ஹலோ' என்றார்களா, அதுகூடத் தெரியவில்லை.

போனை அவளிடம் நீட்டினார்.

"நீ வெச்சுக்க. எடுத்தா சொல்லு. உடனே சொல்லு, நான் பேசணும்."

அவள் வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாடா கிழிகிறதா என்று பார்ப்பது போல. லிஃப்ட் கதவு திறந்தது. நாய்க்குட்டியோடு ஒரு கிழவி இறங்கி, குடை விரித்துப் போனாள்.

"அடிக்குதா?"

"அடிக்குது."

"எடுத்தாங்களா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். கண் லிஃப்ட் மேலே இருந்த எண்கள் மீது இருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. அங்கே கொஞ்சம் நின்று, பன்னிரண்டுக்குப் போய்விட்டது.

"இன்னும் அடிக்குதா, லுவான்?"

"அடிக்குது, அண்ணே. இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."